டிசம்பர் லீவில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு கட்டுநாயக்கா – சிங்கப்பூர்: திருகோணமலையிலிருந்து எப்படித் திட்டமிடுவது?

பாலையூற்று_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் 19ஆம் திகதி இரவு 12.40 விமானத்தில் கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூர் போகிறோம். மகளுக்கு 4 வயது, மகனுக்கு ஒன்றரை. கூட வருவது மாமியார், வயது 68, முழங்கால் வலி உள்ளவர். கணவர் கட்டாரிலிருந்து நேரே சிங்கப்பூர் வந்து சேருவார். அதனால் போகும்போது பெரியவர் என்று ஓடியாட நான் ஒருத்திதான்.

கேட்க வேண்டியது மூன்று. திருகோணமலையிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்? விமான நிலையத்துக்குள் எந்த இடத்தில் என்ன சிக்கல் வரும், தள்ளுவண்டி கொண்டுபோனால் உதவியா உபத்திரவமா? அங்கே காலையில் இறங்கியதும் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது? லீவுக் கூட்டத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

உவர்மலை_49 எழுதியது:

தங்கச்சி, முதலில் திகதியைச் சரிபாருங்கள். 19ஆம் திகதி இரவு 12.40 என்றால் நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டியது 18ஆம் திகதி இரவு. டிக்கெட்டில் 19 என்று போட்டிருப்பதைப் பார்த்து 19ஆம் திகதி பின்னேரம் வேன் பிடிப்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். வேன்காரரிடமும் "18, வியாழனா வெள்ளியா" என்று கிழமையைச் சொல்லிப் பேசி முடியுங்கள். வெறும் "19 நைட் ஃபிளைட்" என்று சொன்னால் அவர் ஒரு நாள் பிந்தித்தான் வருவார்.

இனி நேரக் கணக்கு. பெரும்பாலான விமான நிறுவனங்கள் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பே பொதி கொடுக்கும் கவுண்டரை மூடிவிடும். டிசம்பரில் பிள்ளைகளோடு போவதென்றால் 3 மணிநேரம் முன்னதாக, அதாவது இரவு 9.40க்கு வாசலில் நிற்க வேண்டும். வீட்டிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், அங்கிருந்து நாரம்மல, கிரிஉல்ல, திவுலப்பிட்டிய வழியாகப் போனால் கட்டுநாயக்கா ஏறக்குறைய 240 கிலோமீற்றர். நிறுத்தாமல் ஓடினால் ஐந்தரை மணிநேரம். ஒன்றரை வயதுப் பிள்ளையோடு நிறுத்தாமல் ஓட ஒருவராலும் முடியாது. மூன்று நிறுத்தம், ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்று போட்டு 7 மணிநேரம் வையுங்கள். ஆகவே பகல் 2 மணிக்கு வேன் நகர வேண்டும், அதற்குப் பிந்தக் கூடாது. பத்திரகாளி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவோம் என்றால் அந்த அரை மணிநேரம் 2 மணிக்கு முன்னால் இருக்கட்டும்.

2 மணிக்குப் புறப்படுவதில் இன்னொரு லாபம், கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட காட்டுப் பகுதியை வெளிச்சத்தோடு தாண்டிவிடலாம். பொழுதுபட்டால் அந்தத் துண்டில் யானை றோட்டுக்கு ஏறும். ஒரு யானை நின்றால் முன்னும் பின்னும் வாகனம் அடைபட்டு எவ்வளவு நேரம் போகும் என்று கணக்குச் சொல்ல ஏலாது.

இரவு ரயிலை இந்த விமானத்துக்கு நினைக்கவே வேண்டாம், அது விடியத்தான் கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போய்ச் சேரும். கல்ஓயாப் பக்கம் யானைக்காக ரயிலும் மெதுவாகத்தான் ஓடும்.

---

தம்பலகாமம்_வயல் எழுதியது:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் அதையே செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். 7 மணிநேரம் வேனில் ஆடிக் குலுங்கி வந்த பிள்ளை விமான நிலைய வாசலில் இறங்கும்போதே களைத்துப் போயிருக்கும். அதற்குப் பிறகு 3 மணிநேர வரிசை, 4 மணிநேர விமானம். விமான நிலையத்தில் பிள்ளை அழுகிறது, அடம்பிடிக்கிறது என்கிறார்களே, அதில் முக்கால்வாசி றோட்டில் சம்பாதித்த அழுகை.

17ஆம் திகதியே நீர்கொழும்புக்குப் போய் ஒரு இரவு தங்குங்கள். அங்கிருந்து கட்டுநாயக்கா 10 கிலோமீற்றர் அளவுதான். 18ஆம் திகதி பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரையும் நன்றாக நித்திரையாக்கி, பின்னேரம் குளிப்பாட்டி, இரவுச் சாப்பாடு கொடுத்து 9 மணிக்கு வெளிக்கிடலாம். அறையை 18ஆம் திகதி இரவு வரைக்கும் சேர்த்துப் பதியுங்கள். பகல் 11 அல்லது 12 மணிக்கு அறையை விட வேண்டி வந்தால் தங்கியதில் அர்த்தமில்லை, பிள்ளைகளோடு வரவேற்பறைக் கதிரையில் 9 மணிநேரம் இருக்க நேரும். இரண்டு இரவுக் காசு போகும்தான். முழங்கால் வலிக்காரருக்கும் சேர்த்துப் பார்த்தால் அது வீண்காசு இல்லை.

---

உவர்மலை_49 எழுதியது:

வசதி உள்ளவர்களுக்கு அது நல்ல வழிதான், மறுக்கவில்லை. நேரே போவதென்றால் வேனில் ஒரு வரிசை முழுவதையும் பிள்ளைகள் படுக்க விடுங்கள். அதாவது, வழியனுப்ப என்று சித்தி, மாமா, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லோரையும் ஏற்றாதீர்கள். நம் ஊர்ப் பழக்கம் அது, தெரியும். வாசலில் ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து அழ, மகளும் "நான் போகமாட்டேன்" என்று தொடங்கினால் 20 நிமிடம் போய்விடும். வழியனுப்புவதை வீட்டுப் படலையோடு முடியுங்கள்.

---

நிலாவெளி_அலை எழுதியது:

ஒருவரும் பத்திரங்களைப் பற்றிச் சொல்லவில்லை. அக்கா, இன்றைக்கே அலுமாரியைத் திறந்து பிள்ளைகளின் பாஸ்போட்டைப் பாருங்கள். 16 வயதுக்குக் கீழ் 3 வருடத்துக்குத்தான் கொடுப்பது வழக்கம். சிங்கப்பூருக்குள் நுழையும் நாளில் குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். ஆக, பிள்ளையின் பாஸ்போட் உண்மையில் இரண்டரை வருடத்துக்குத்தான் உதவும். மகளுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போது எடுத்தது என்றால் அநேகமாக முடிந்திருக்கும். புதிதாக எடுக்க வவுனியாக் கிளைக்கு அலைய வேண்டி வந்தால் இப்போதே நாள் எண்ணத் தொடங்குங்கள்.

தகப்பன் கூட வராததால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் அவருடைய சம்மதக் கடிதத்தையும் வைத்திருங்கள். கடிதத்தில் பிள்ளைகளின் முழுப் பெயர், பாஸ்போட் எண், பயண நாட்கள், தங்கும் முகவரி, அவருடைய தொலைபேசி எண், பாஸ்போட் பக்கத்தின் பிரதி எல்லாம் இருக்கட்டும். கேட்காமலே விட்டுவிடலாம். கேட்டால் அந்த இடத்தில் நின்று கட்டாருக்கு அழைப்பு எடுத்துக்கொண்டிருக்க முடியாது. நம் பக்கத்துப் பிறப்புச் சான்றிதழ்கள் தமிழில்தான் இருக்கும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து மூலத்தோடு சேர்த்து வையுங்கள்.

இலங்கைப் பாஸ்போட்டுக்குச் சிங்கப்பூர் சுற்றுலா விசா கேட்பதில்லை. ஆனால் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள், அதாவது உங்களுக்கு 17ஆம் திகதியிலிருந்து. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவு. குடும்பமாகச் சேர்த்து ஒரே தடவையில் நிரப்பலாம். கட்டணம் ஒரு சதமும் இல்லை. தேடும்போது மேலே வந்து நின்று டொலர் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. சிங்கப்பூர்க் குடிவரவு ஆணையத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள்.

மகனுக்கு 2 வயது எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். 2 முடியும் வரைக்கும்தான் மடியில் வைத்துப் போகலாம். பயணத்துக்கு நடுவில் பிறந்தநாள் வந்தால் திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும்.

---

சீனன்குடா_ராடார் எழுதியது:

கட்டுநாயக்காவில் ஏன் இவ்வளவு கூட்டம் என்றால், அந்த முனையம் ஆண்டுக்கு 60 லட்சம் பேருக்கென்று கணக்கிட்டது. 2018லேயே 1 கோடியைத் தாண்டிவிட்டது. இரண்டாம் முனைய வேலை 2022 நெருக்கடியில் நின்றுபோனது. டிசம்பரில் உல்லாசப் பயணிகள், நத்தாருக்கு வந்துபோகிறவர்கள், வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில். அதிலும் நள்ளிரவை ஒட்டிப் பல விமானங்கள் சேர்ந்தே கிளம்பும்.

ஒழுங்கு இப்படி. புறப்பாட்டு வாசலில் பாஸ்போட்டும் டிக்கெட்டும் காட்ட வேண்டும். உள்ளே கால் வைத்ததும் முதல் ஸ்கேனர், பெரிய சூட்கேஸ் உட்பட அத்தனையும் பட்டியில் ஏற்ற வேண்டும். பிறகு விமான நிறுவனக் கவுண்டர், அதற்குப் பிறகு குடியகல்வு, கடைசியாக விமானம் ஏறக் காத்திருக்கும் உங்கள் வாயில் மண்டபத்துக்குப் போகும் முன்னால் இரண்டாவது, கடுமையான சோதனை. தண்ணீரைப் பிடுங்குவது, பெல்ட் கழற்றச் சொல்வது எல்லாம் அங்கேதான்.

தனி ஒரு தாய்க்கு முதல் ஸ்கேனர்தான் மிக மோசமான இடம். இரண்டு கையும் சூட்கேஸைத் தூக்கப் போய்விடும், பின்னால் வாசல் திறந்திருக்கும், நாலு வயதுக்காரி ஓடுவதென்றால் அந்த நொடியில்தான் ஓடுவாள். அதனால் சின்னவனை நெஞ்சோடு கட்டும் துணிப்பையில் போடுங்கள். மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மம்மாவை விழாமல் பார்த்துக்கொள்" என்று சொன்னால் பிடித்த கையை விடமாட்டாள். உன்னைப் பார்த்துக்கொள் என்று சொல்வதை விட இது வேலை செய்யும். (அப்பம்மா என்றுதானே கூப்பிடுவாள், மன்னிக்கவும்.)

மாமியாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்துக்கு 48 மணிநேரம் முன்பே அறிவியுங்கள். அன்றைக்குக் கவுண்டரில் போய்க் கேட்டால் காத்திருக்க வைப்பார்கள். தள்ளிக்கொண்டு போகும் ஊழியர் உங்களையும் கூடவே கூட்டிப்போவது வழக்கம், அதனால் குடியகல்வு வரிசையிலும் நேரம் மிஞ்சும். முழங்கால் வலி உண்மையாக இருக்கும்போது கூச்சப்படத் தேவையில்லை.

பத்திரங்களை நாலு பாஸ்போட்டும் ஒரே உறையில், கழுத்தில் மாட்டும் சின்னப் பைக்குள் வையுங்கள். தோள்பைக்குள் பம்பர்ஸுக்கும் பால் போத்தலுக்கும் நடுவே தேடிக்கொண்டு நின்றால் பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பில் கை நடுங்கத் தொடங்கும். குடியகல்வில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே கவுண்டருக்குப் போகலாம். பிரிந்து நிற்க வேண்டியதில்லை.

வாயில் மண்டபச் சோதனைக்கு முன்னால் எல்லோரும் கட்டாயம் டொய்லெட் போய்வர வேண்டும், வரவில்லை என்றாலும். உள்ளே போன பிறகு வெளியே வந்தால் திரும்பவும் முழுச் சோதனை.

---

கிண்ணியா_உம்மா எழுதியது:

பால் விஷயம். திரவம் 100 மில்லிலீற்றருக்கு மேல் ஒரு போத்தலில் இருக்கக் கூடாது என்ற விதி குழந்தைப் பாலுக்குப் பொருந்தாது, பயணத்துக்குத் தேவையான அளவு விடுவார்கள். ஆனால் தனியே எடுத்துக் காட்ட வேண்டும், சில நேரம் திறந்தும் பார்ப்பார்கள். அதைவிட லேசான வழி, பால்மாவை ஒரு தடவைக்கு ஒரு டப்பி என்று அளந்து 4 டப்பியில் போட்டுக்கொள்வது. சுடுதண்ணிப் பிளாஸ்கை வெறுமையாகக் கொண்டுபோய் உள்ளே உள்ள தேநீர்க் கடையிலோ விமானப் பணிப்பெண்ணிடமோ நிரப்புங்கள். விமானத்தில் தரும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும், ஆற நேரம் வேண்டும். பிள்ளை அழத் தொடங்கிய பிறகு கேட்காமல் 20 நிமிடம் முன்பே கேளுங்கள்.

தயிர், ஜாம், தேன், ஊறுகாய், ஈரச் சம்பல் எல்லாம் அவர்கள் கணக்கில் திரவம். பாண், இடியப்பம், பிஸ்கட், வாழைப்பழம் பிரச்சினை இல்லை. புட்டு வேண்டாம், சோதனையில் விடுவார்கள், ஆனால் இருக்கை முழுக்க உதிரும். இறைச்சி வைத்த ரோல்ஸ், பற்றிஸ் இருந்தால் விமானத்திலேயே சாப்பிட்டு முடியுங்கள், சிங்கப்பூருக்குள் கொண்டுபோகாதீர்கள். காய்ச்சல் சிரப் 100 மில்லிலீற்றருக்குள் உள்ள போத்தலில், பெயர் ஒட்டியபடியே இருக்கட்டும்.

பம்பர்ஸ் மணிக்கு ஒன்று என்று எண்ணி, அதற்கு மேல் மூன்று. உடுப்பு பிள்ளைக்கு இரண்டு மாற்று, உங்களுக்கும் ஒரு மேற்சட்டை. பிள்ளை வாந்தி எடுப்பது தன் மேல் அல்ல, உங்கள் மேல்.

காது அடைப்பு ஏறும்போதை விட இறங்கும்போதுதான் கூட. தரை தொடுவதற்கு அரை மணிநேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். அந்த நேரம் சின்னவனுக்குப் போத்தலோ முலைப்பாலோ கொடுங்கள். விழுங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமப்படும். நித்திரை என்றால் எழுப்பிவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள். மூக்கடைப்பு, சளி உள்ள பிள்ளைக்கு இது பல மடங்கு வலிக்கும், முதல் நாளே டாக்டரிடம் காட்டுவது நல்லது.

மடிக்குழந்தை உள்ளவர்களை ஒரே பக்கத்து வரிசையில் இருவராக இருக்க விடமாட்டார்கள். ஒரு பக்கத்து இருக்கைகளுக்குத் தொங்கும் ஒட்சிசன் முகமூடி இருக்கையை விட ஒன்றுதான் கூட, அதுதான் காரணம். தொட்டில் வேண்டும் என்றால் இப்போதே கேளுங்கள், விமானத்துக்கு ஒரு சிலதான் இருக்கும். ஒன்றரை வயதுக்காரன் எடை வரம்பைத் தாண்டியிருக்கவும் கூடும், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

---

பாலையூற்று_அம்மா எழுதியது:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. நீர்கொழும்பில் தங்குவதைப் பற்றி வீட்டில் கதைக்கிறேன். தள்ளுவண்டி பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? மாமி வெற்றிலை போடுவார், புகையிலையும் சேர்த்து. அதைக் கொண்டுபோகலாமா?

---

சிங்கையில்_திருமலையான் எழுதியது:

புகையிலையை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். மெல்லும் புகையிலை இங்கே சிங்கப்பூரில் தடை. சிகரெட் பெட்டிக்கும் வரிவிலக்கு கிடையாது. ஒரு சிகரெட் என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மின்சிகரெட் முழுத் தடை. பிள்ளைகளின் பையில் சூயிங்கம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தள்ளுவண்டி: ஒரு கையால் மடிக்கக்கூடிய லேசானது என்றால் கொண்டுவாருங்கள். கட்டுநாயக்காக் கவுண்டரில் அதற்கு ஒரு அட்டை கட்டி, விமான வாசல் வரைக்கும் தள்ளிப்போக விடுவார்கள். சோதனையில் பிள்ளையைத் தூக்கி, வண்டியை மடித்துப் பட்டியில் ஏற்ற வேண்டும். நெஞ்சுப் பையிலிருந்தும் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். அட்டை கட்டும்போது ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள்: சாங்கியில், அதாவது சிங்கப்பூர் விமான நிலையத்தில், வண்டி விமான வாசலிலேயே கிடைக்குமா, பொதிப் பட்டியில் வருமா? பட்டியில்தான் என்றால் இங்கே இறங்கியதும் இரவல் வண்டி எடுக்கலாம், சாங்கி முனையங்களில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். பெரிய, மூன்று சில்லு வண்டியை வீட்டில் விடுங்கள். பஸ்ஸில் ஏறி விமானத்துக்குப் போக நேர்ந்தால் படியில் அதையும் பிள்ளையையும் ஒரே ஆள் தூக்க ஏலாது.

இறங்கும்போது இங்கே காலை 7 மணி தாண்டியிருக்கும், நம் ஊரில் 4.40. இரண்டரை மணிநேர வித்தியாசம். பிள்ளைகளின் உடம்புக்கு அது நடுச்சாமம். 1, 2, 3ஆம் முனையங்களில் வருகிறவர்களும் போகிறவர்களும் ஒரே தளத்தில் நடப்பதால், குடிவரவுக்கு இறங்கும் முன்பே டொய்லெட், குடிதண்ணீர்க் குழாய், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் அறை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. நேரே வரிசைக்கு ஓடாமல் 15 நிமிடம் அங்கே செலவழித்து முகம் கழுவி, பம்பர்ஸ் மாற்றுங்கள். உங்களோடு இறங்கிய 200 பேரும் முன்னால் போய்விடுவார்கள், வரிசையும் இளைக்கும். அரை மணிநேரத்துக்கு மேல் வேண்டாம், பொதி பட்டியில் சுற்றிக்கொண்டிருக்கும்.

குடிவரவில் தானியங்கிப் படலைகள் 6 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இல்லை. நீங்கள் தானியங்கியில் போய்ப் பிள்ளைகள் இந்தப் பக்கம் நிற்கும் விபரீதம் வேண்டாம். குடும்பங்களுக்கான வரிசையை அங்கு நிற்கும் ஊழியரிடம் கேட்டுச் சேர்ந்தே போங்கள்.

வெளியே வந்ததும் வாகனம். 1.35 மீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகள் காரில் போவதென்றால் பிள்ளை இருக்கை கட்டாயம் என்பது இங்கே சட்டம். டாக்சிக்கு விலக்கு உண்டு. செயலியில் அழைக்கும் தனியார் கார்களுக்கு விலக்கு இல்லை. சாரதி இரண்டு பிள்ளைகளைப் பார்த்ததும் ஏற்றமாட்டேன் என்று போய்விடுவார். பொதியும் மாமியாரும் இருப்பதால் டாக்சி வரிசைக்கே போங்கள். ரயில் மலிவு, 0.9 மீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்குக் கட்டணமும் இல்லை, ஆனால் தானா மேரா நிலையத்தில் மாறி ஏற வேண்டும்.

ஹோட்டல் அறை பின்னேரம் 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள். முன்கூட்டியே எழுதி, காலையில் அறை தர முடியுமா என்று கேட்டு வையுங்கள். முடியாது என்றால் பொதியை மட்டும் ஒப்படைத்துவிடலாம். சாங்கியில் ஜுவல் என்ற கடைத்தொகுதியில் 40 மீற்றர் உயர நீர்வீழ்ச்சி இருக்கிறது, பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அதை வந்த அன்று காட்ட வேண்டாம். நித்திரை கலைந்த பிள்ளைக்கு அது வெறும் சத்தம். திரும்பும் நாளில் மூன்று மணிநேரம் முந்தி வந்து காட்டுங்கள். ஜுவல் பொதுப்பகுதியில், 1ஆம் முனையத்துக்கு முன்னால் இருக்கிறது, அதனால் குடியகல்வுக்குள் போன பிறகு பார்க்க முடியாது.

திரும்பும்போது சாங்கியிலும் 1, 2, 3இல் பைச் சோதனை வாயிலில்தான். உள்ளே நிரப்பிய தண்ணீர்ப் போத்தலை அங்கே காலி செய்ய வேண்டும்.

---

சீனன்குடா_ராடார் எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. மகளின் முன்கையில் குமிழ்முனைப் பேனாவால் தொலைபேசி எண் எழுதுங்கள். இலங்கை சிம் அங்கே வேலை செய்யாமல் போகலாம், கணவரின் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதுவது பாதுகாப்பு. புறப்படும் முன் அன்றைய உடுப்போடு இரண்டு பேரையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். தேட நேர்ந்தால் "சிவப்புச் சட்டை" என்று விளக்குவதை விடப் படத்தை நீட்டுவது விரைவு.

பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டிக்குள் போடக் கூடாது. 27,000 மில்லியாம்பியர் மணிக்கு மேல் என்றால் அநேகமாக விடமாட்டார்கள். பறக்கும்போது அதில் சார்ஜ் போடுவதைப் பல நிறுவனங்கள் இப்போது தடுத்துவிட்டன. பிள்ளைக்கு வீடியோ காட்டும் திட்டம் இருந்தால் போனை முழுச் சார்ஜோடு ஏற்றுங்கள்.

---

உவர்மலை_49 எழுதியது:

திரும்பி வரும் விமானம் இரவில் இறங்குகிறதா? அப்படியென்றால் வேன்காரரைப் பகலில் நித்திரை கொள்ளச் சொல்லி முதல் நாளே சொல்லிவையுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு கட்டுநாயக்காவிலிருந்து வெளிக்கிட்டால் ஹபரணைக்கு விடியும் முன் வந்துவிடுவீர்கள். அங்கே ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, வெளிச்சம் வந்த பிறகு கந்தளாய்ப் பக்கம் எடுங்கள்.